தலையாட்டியோடு ஒரு மலைப்பயணம்

போன மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, பதினோராவது கொண்டை ஊசி வளைவில், என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் கொன்றிருப்பார்.

ஒரு முழம். எதிரே வந்த பஸ்ஸின் மூக்குக்கும் எங்கள் காரின் பானட்டுக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம் இருந்தது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. என் வீட்டுக்காரரைப் பற்றி நான் ஆரம்பித்தாலே சிரிக்கத் தயாராகிவிடுவீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, பழக்கியவள் நான்தான். ஆனால் இந்த வாரம் கொஞ்சம் பொறுங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். அவருக்கு நான் இங்கே வைத்த பெயர் ‘தலையாட்டி’. என்ன சொன்னாலும் ‘ம்’ என்று ஒரு சத்தம். கூடவே ஒரு தலையாட்டல். வரும்போது பால் வாங்கி வாருங்கள் — ம். பால் வராது. தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்துங்கள் — ம். தண்ணீர் தெருக்கோடி வரைக்கும் ஓடும். நாலு வருடத்துக்கு முன்னால் அதை வைத்து ஒரு வாரம் எழுதினேன். உங்களுக்குப் பிடித்துப் போயிற்று. ‘எங்கள் வீட்டிலும் ஒரு தலையாட்டி உண்டு’ என்று கடிதம் கடிதமாக வந்தது. அதற்கப்புறம் மாதத்துக்கு ஒரு தடவையாவது அவரை இழுத்து வந்து இங்கே நிறுத்திவிடுவேன். கைதட்டல் கிடைக்கிற இடத்தை யார் விடுவார்கள்?

அவர் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தார், என்ஜின் சோதனைப் பிரிவில். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி நேராக குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். இப்போது வெள்ளானூரில் சொந்த வீடு. ஒரே மகள் பிரியா, கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். போன ஏப்ரலில் இவர் ரிடையர் ஆனார்.

எத்திராஜ் என்று அவருக்கு ஒரு நண்பர், அதே பிரிவுக்காரர். எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் போர்டிகோவில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கையாலேயே பேசுவார்கள். விரலைச் சுழற்றினால் ஒன்று, முஷ்டியை மடக்கினால் ஒன்று. என்ஜின் ஓடும்போது வாயால் பேசி ஆகாது என்று அங்கே வந்த வழக்கமாம். அதையும் விட்டுவைக்கவில்லை. ‘நண்பருக்குக் கை, மனைவிக்குத் தலை, வாய் மட்டும் யாருக்கும் இல்லை’ என்று எழுதினேன். அதற்கும் நல்ல வரவேற்பு.

இப்போது நான் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன்.

போன வருடம் புரட்டாசியில், குளிக்கும்போது என் இடது மார்பில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. கோலிக்குண்டு அளவு. டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஊசி வைத்துச் சதையை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை காலை வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் சிங்க்கைப் பார்த்து நின்று அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் வந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். திரும்பிப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குழாயைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, ஊசி, வெள்ளிக்கிழமை... “நீங்க லீவ் போட்டுட்டுக் கூட வரீங்களா?”

“ம்.”

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு டிவிக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, ஃபேக்டரிக்குக் கிளம்பினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

அண்ணனூரில் மின்சார ரயில் ஏறி நான் தனியாகப் போனேன். தனியாகத் திரும்பினேன். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டிதான், ஒன்றும் இல்லை என்று. அந்தப் பத்து நாளில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிப்போர்ட்டைப் புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஏன் சொல்ல வேண்டும்? புருஷனிடம் இதை எத்தனை தடவை சொல்வது? அப்படித்தான் அன்று நினைத்தேன். வைராக்கியம் என்று அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு வருடம் வீட்டில் எல்லாம் நடந்தது. சாப்பாடு, துணி, தீபாவளி, அவருடைய ரிடையர்மென்ட் விழா, மாலை, பொன்னாடை. எனக்குள் மட்டும் ஒன்று முடிந்து போயிருந்தது. பிரியா ஒரு நாள் போனில், “ஏம்மா ஒரு மாதிரியாவே பேசுற? கொஞ்ச நாள் இங்க வந்து இரேன்” என்றாள். கொஞ்ச நாள் என்ன... நிரந்தரமாகவே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் எதிரே வந்து உட்கார்ந்து கேட்டார்: “இன்னா விஜி, ஐப்பசில ஒரு தபா மலைக்குப் போலாமா? ஏற்காடு, ஊட்டி. நம்ம வண்டிலயே.”

வெளிநாட்டில் இந்த மாதத்தில் மரமெல்லாம் சிவந்து இலை உதிருமாம். அதைப் பார்க்கவே ஜோடி ஜோடியாகக் காரில் கிளம்புவார்களாம். நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை. இருந்தாலும் சரி என்றேன். மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஊட்டியிலிருந்து இறங்கினால் கோயமுத்தூர். பிரியா வீட்டில் ரெண்டு நாள். அங்கே நான் இறங்கிக்கொள்வேன். வெள்ளானூருக்கு வண்டி மட்டும் திரும்பட்டும்.

பெரிய சூட்கேஸை எடுத்தேன். ஆறு நாள் பயணத்துக்குப் பதினெட்டுப் புடவை. பீரோவிலிருந்து அந்த ரிப்போர்ட்டையும் எடுத்து அடியில் வைத்தேன். அவர் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னா, ஊட்டையே பேக் பண்ணிட்டியா?”

ஆமாம் என்று சொல்லவில்லை. அவர் பாணியிலேயே தலையாட்டினேன்.

அவரும் தயாராகத்தான் இருந்தார். நீலகிரிக்குள் வண்டி போக இ-பாஸ் வேண்டும் அல்லவா, அதை முன்கூட்டியே எடுத்து, ரெண்டு பிரின்ட் போட்டு, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். எனக்கு வாந்தி வருமென்று எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், கைத்துண்டு. இத்தனையும் செய்கிற மனிதர் அன்று ஏன் அப்படிச் செய்தார்? பூந்தமல்லி தாண்டும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹைவேயில் மனிதர் மறுபடி ஊமையானார். ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ சொன்னேன் — ம். வாலாஜாவில் சொன்னேன் — ம். கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒன்றுமே சொல்லாமல் விட்டுப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. ஆனால் டீக்கடையில் எதிரே உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டார். கதை சொல்கிறார், கேட்கிறார், சிரிக்கிறார். காரில் ஏறியதும் பழையபடி ‘ம்’. நாலு பேர் முன்னால் நல்ல பெயர் வாங்குகிற ஆசாமி என்று என் கணக்கில் இன்னொரு குற்றத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

ஏற்காட்டில் இரண்டு நாள் இருந்தோம். பனிமூட்டம் ஏரியின் மேலேயே படுத்துக் கிடந்தது. துடுப்புப் படகில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மழைத் தூறலில் அவர் முகம் சின்னப் பையன் மாதிரி இருந்தது. “இங்கயே ஒரு ஊடு பாத்துகினு இருந்துட்லாம் போல கீது” என்றார். அப்போதே கோயமுத்தூர் விஷயத்தைச் சொல்லிவிட வாயெடுத்தேன். படகுக்காரர் இருந்தார். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை இறங்கினோம்.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலிடம். இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். கார் ஓட்டத் தெரியாத எனக்கே தெரிந்த விதி இது. தூறலுக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தோம். பதினோராவது வளைவு நெருங்கும்போது கீழேயிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக... மறுபடியும்... மூன்றாவது தடவையும். இவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

“ஏங்க... பஸ் வருது.”

சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க! பஸ்ஸு! நிறுத்துங்க!”

தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறேன். அந்த முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. கியரில் இருந்த அவர் கையை ஓங்கி அடித்தேன். அப்போதுதான் பிரேக்கை மிதித்தார்.

ஒரு முழம் என்று சொன்னேனே, அது அந்த இடம்தான்.

பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார். “எறங்குற வண்டிதானுங்க நிக்கணும்? இத்தன ஹாரன் அடிக்கறேன். காது கேக்குதா இல்லையா உங்களுக்கு?”

என் வீட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். லேசாகச் சிரித்தார். தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். நாலு வருடமாக எனக்குக் கிடைத்த அதே தலையாட்டல். அதே சிரிப்பு. ஆனால் இது எனக்கு இல்லை, யாரோ ஒரு பஸ் டிரைவருக்கு. அந்த மனிதரை அலட்சியப்படுத்த இவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? 

கொஞ்சம் தள்ளி, பாதை அகலமாக இருந்த இடத்தில் ஓரம் கட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன். இறங்கினோம். பள்ளத்தில் மேகம் நிறைந்திருந்தது. அவர் தடுப்புச் சுவர் மேல் கையை ஊன்றி நின்றார். நான் இடது பக்கம் போய் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னேன்.

“கோயமுத்தூர்ல நான் எறங்கிக்கப் போறேன். உங்களோட வெள்ளானூருக்கு வரமாட்டேன். இனிமே வரவே மாட்டேன்.”

“ம்” என்றார். தலையாட்டினார். “மழ வர்ற மாரி கீது. கெளம்லாமா?”

ஒரு வருடமாக வயிற்றில் வைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லியிருக்கிறேன். மழையைப் பற்றிப் பேசுகிறார்.

அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். முகத்துக்கு நேராக நின்றேன். “நான் இப்ப என்ன சொன்னேன்? சொல்லுங்க.”

அவர் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்தது. எவ்வளவு வருடமாக இப்படிப் பார்க்கிறார்? ஒரு தடவைகூட நான் இதைக் கவனிக்கவில்லையே...

“மலைய பத்தி... ஏதோ...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அறுபது வயது மனிதர், ஹோம்வொர்க் செய்யாத பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

“எத்தனை வருஷமா?”

“அஞ்சு வருசம் இருக்கும். லெஃப்டு சுத்தமா அவுட்டு விஜி. ரைட்டு கொஞ்சம் கீது. மூஞ்சிய பாத்தா புரிஞ்சிக்குவேன். முதுக காமிச்சிகினு பேசினா ஒண்ணியும் தெரியாது.”

காரில் நான் உட்காருவது அவருக்கு இடது பக்கம். கிருஷ்ணகிரி வரைக்கும் நான் பேசியது ஒரு சுவரோடு.

ஃபேக்டரியில் காதுக்கு அடைப்பான் கொடுப்பார்களாம். இவர் போட்டுக்கொள்ள மாட்டாராம். “அத மாட்னா என்ஜின் இன்னா சொல்துன்னு எப்டி தெரியும்? சவுண்ட வெச்சே எங்க தட்துன்னு சொல்ற ஆளு நானு.” முப்பது வருடம் என்ஜின் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட மனிதர். அது கேட்டுக் கேட்டே காதை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

வருடாவருடம் மெடிக்கல் செக்கப் உண்டே? அதற்கும் வழி வைத்திருந்தார். “கண்ணாடி ரூம்ல ஒக்கார வெச்சி ஹெட்போன் மாட்டுவாங்க. சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும். வெளிய கீற பொண்ணு மிஷின தட்றப்போ தோளு லேசா ஆடும். அத பாத்துகினே அமுக்கிட்வேன். தெரிஞ்சிதுன்னா டெஸ்டிங்லர்ந்து தூக்கி ஸ்டோர்ஸ்ல போட்ருவாங்க. செவுடன்னு பேரு வாங்கிகினு ரிடையர் ஆவணுமா?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் யாரு?”

பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

“உங்கிட்ட சொன்னா அடுத்த வாரமே எழுதிட்வியே விஜி.”

வாசகர்களே, இத்தனை வருடமாக வாராவாரம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். திறந்த மனது, ஒளிவுமறைவு இல்லாத எழுத்து என்றெல்லாம் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டு மனிதர் தன் பெரிய கஷ்டத்தை என்னிடமிருந்து ஒளித்து வைத்ததற்குக் காரணம் இந்தப் பத்தி. நான் சிரிப்பு மூட்டியது ஒரு காது கேளாத மனிதரை வைத்து. கூனிக் குறுகிப் போனேன். அதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

மீதிப் பத்து வளைவையும் கண்ணாடியை இறக்கிவிட்டு, நடக்கிற வேகத்தில் இறங்கினோம். என் கை அவர் தோளில் இருந்தது. வண்டி வந்தால் ஒரு தட்டு, நிற்க வேண்டுமானால் ரெண்டு தட்டு — அவரே சொல்லிக்கொடுத்தார். தூறல் உள்ளே அடித்து முகமெல்லாம் நனைந்தது. நான் அழுதது அவருக்குத் தெரிந்திருக்காது.

சேலம் வந்ததும் முதல் வேலையாக ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பேசிக்கொண்டோம். காதுக்கு ஒரு வழி செய்து, டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றேன். முகத்துக்கு நேராகத்தான் சொன்னேன். அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சாவியை ஒரு நிமிடம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் டிரைவரிடம் கொடுத்தார்.

பின் சீட்டில் ஏறும்போது நான் சுற்றிப் போய் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது கல்யாணமான முப்பத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மேட்டுப்பாளையம் வரை பேசிக்கொண்டே போனோம். ‘ம்’ என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. புரியாவிட்டால், “இன்னா?” என்று கேட்டார். அந்த “இன்னா?” எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

ஊட்டியில் மழை விட்டிருந்தது. ஏரிக்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். சூட்கேஸின் அடியிலிருந்து எடுத்து வைத்திருந்த ரிப்போர்ட்டை அவர் மடியில் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் பக்கத்தை மறுபடி படித்தார். “இன்னா இது?”

சொன்னேன். சிங்க், அரிசி, ‘ம்’... எல்லாம். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதனால் அந்த முகம் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, “எந்த வெள்ளிக்கெழம?” என்றார்.

“தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போன கதை எழுதினேனே... எந்தப் புடவையைக் காட்டினாலும் நீங்க தலையாட்டினீங்கன்னு. அது வந்த அன்னிக்கு.”

அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா?

“அன்னிக்கு... அந்தப் பேப்பர எடுத்துகினு போயி செக்‌ஷன்ல எல்லாருக்கும் படிச்சி காமிச்சிகினு இருந்தேன். எம் பொண்டாட்டி எழுதனதுன்னு.” மடியில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். “நீ ஊட்ல பேசறது பாதி கேக்காது விஜி. வெள்ளிக்கெழம பேப்பர்ல வர்து பாரு, அதான் எனுக்கு முழுசா கேக்கும். என்னிய கிண்டல் பண்ணாலும் பரவால்லன்னு படிப்பேன். நீ இன்னா நெனைக்கிறேன்னு வேற எப்டி தெரியும்?”

நான் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவர் அப்படிச் செய்பவர் அல்ல. “தனியா ரயில்ல போனியா? திரும்பி வர்ப்போ ஒக்கார எடம் கெடச்சிதா?” என்றார். ஒரு வருடம் கழித்து அதைக் கேட்டார். கெடச்சிது என்றேன். உண்மையில் கிடைக்கவில்லை. அண்ணனூர் வரை நின்றுகொண்டுதான் வந்தேன்.

“நீ சொல்லி எனுக்குக் கேக்காம போனது இன்னும் இன்னா கீது?”

அதையும் சொன்னேன். மலையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னதை, இப்போது மூடாமல் சொன்னேன். பதினெட்டுப் புடவை எதற்கென்றும் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. தடுக்கவும் இல்லை. கெஞ்சவும் இல்லை. ரிப்போர்ட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கோயமுத்தூரில் பிரியா வீட்டில் ரெண்டு நாள் இருந்தோம். கிளம்புகிற அன்று காலை அவருடைய பையை மட்டும் எடுத்துப் போய் வண்டியில் வைத்தார். என் சூட்கேஸ் ஹாலில் கிடந்தது. அதைத் தொடவில்லை. வாசலில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அது தெரிந்துதான் அப்படி நின்றாரோ என்னவோ.

நானே தூக்கிக்கொண்டு போனேன். கனம்தான். நடுவில் ஒரு தடவை வைத்துவிட்டு எடுத்தேன். டிக்கியில் வைத்து மூடியபோது வண்டி லேசாக ஆடியது. கதவில் கை வைத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் வந்தார். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “இன்னா அண்ணி, தெரியாம? எங்க செக்‌ஷன்ல யாருக்கு ரெண்டு காதும் ஒழுங்கா கீது? எனுக்கே ஒரு பக்கம் அவுட்டுதான். அதான் கையில பேசிக்கிறோம்” என்றார். நான் தமாஷ் என்று எழுதிய கைப்பேச்சு அதுதான். இப்போது எனக்கும் ஐந்தாறு சைகை தெரியும். மோட்டாரை நிறுத்துவதற்கு முஷ்டியை மடக்கிக் காட்டினால் போதும். தண்ணீர் தெருவுக்குப் போவதில்லை.

அம்பத்தூரில் காதுக்குக் கருவி வைக்கிற ஓர் இடத்தில் அளவு கொடுத்திருக்கிறார். சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடக்கிறோம். நான் அவருக்கு வலது பக்கம்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன். ரெண்டு நாள் யோசித்தார். “எழுது. தலையாட்டிக்குக் காது கேக்காதுன்னே எழுது. வேற யார்னா ஊட்ல இந்த மாரி ஒருத்தன் இருந்தான்னா அவன் பொண்டாட்டிக்குத் தெரியட்டும்” என்றார்.

அதனால் உங்களையும் கேட்கிறேன். ‘எங்கள் வீட்டிலும் ஒரு தலையாட்டி உண்டு’ என்று எனக்கு எழுதினீர்களே... ஒரு தடவை எதிரே போய் நின்று சொல்லிப் பாருங்கள். சரியாகக் காது கேட்கிற மனிதர் என்றால் அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நேற்று இந்தப் பத்தியை, பேப்பரில் வருவதற்கு முன்னால், அவர் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் தலையாட்டினார்.

நான் விடவில்லை. “என்ன சொன்னேன்? சொல்லுங்க பாக்கலாம்.”

“கோயமுத்தூர்ல எறங்கலன்னு சொன்ன” என்றார்.